ஏறட்டும், குதிக்கட்டும், மண்ணில் புரளட்டும்

(மழலையர் பள்ளி ஆசிரியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், பெற்றோர் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உங்களிடம் ஒரு கோரிக்கையோடு வந்திருக்கிறேன். மூன்று வயது முதல் ஆறு வயது வரை உள்ள நம் பிள்ளைகளுக்கு ஏறுவதற்கு ஏதாவது கொடுங்கள். குதிக்க ஓர் உயரம், தோண்ட மண், அளையத் தண்ணீர், உருண்டு இறங்க ஒரு சரிவு, ஒளிந்துகொள்ள ஒரு மறைவு ஆகியவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். ஆண்டுவிழாவுக்கு முந்தைய வாரம் மட்டும் கொடுத்தால் போதாது, தினமும் கொடுங்கள். பாடம் முடிந்த பிறகு தருகிற பரிசாக இதை நான் கேட்கவில்லை. அந்த வயதுக்கு இதுவே முதல் பாடம் என்பதால் கேட்கிறேன்.

நம் மழலையர் வகுப்புகள் இன்று எப்படி நடக்கின்றன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எல்.கே.ஜி. குழந்தை காலை ஒன்பது மணிக்கு நாற்காலியில் உட்காருகிறது. நான்கு கோடு நோட்டில் எழுத்து, பிறகு எண், பிறகு பாட்டு. பாட்டும் பெரும்பாலும் உட்கார்ந்தபடியே. வெளியே விடுகிற கொஞ்ச நேரத்திலும் ஓடாதே, ஏறாதே, மண்ணைத் தொடாதே என்று மூன்று கட்டளைகள். மாலையில் வீடு, வீட்டில் கைப்பேசி. உலக சுகாதார நிறுவனம் 2019 ஏப்ரலில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கென ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. மூன்று, நான்கு வயதுக் குழந்தை ஒரு நாளில் குறைந்தது 180 நிமிடம் உடலை அசைத்து இயங்க வேண்டும். அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும். திரைமுன் உட்காரும் நேரம் ஒரு மணிக்குள் அடங்க வேண்டும் என்கிறது அது. உங்கள் பள்ளியின் கால அட்டவணையை எடுத்து இந்தக் கணக்கோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆனால் நான் கேட்பது வெறும் ஓட்டத்தை மட்டும் அல்ல. வரிசையில் நிறுத்தி, விசில் ஊதி, கையைத் தூக்கு, காலைத் தூக்கு என்று செய்விக்கிற உடற்பயிற்சியிலும் உடல் அசையத்தான் செய்யும். அங்கே முடிவெடுப்பவர் ஆசிரியர். சாகச விளையாட்டில் முடிவெடுப்பது குழந்தை. ஏறலாமா வேண்டாமா, இந்தக் கிளை தாங்குமா தாங்காதா, இங்கிருந்து குதித்தால் வலிக்குமா என்று அது தனக்குத் தானே கேட்டு, தானே பதில் சொல்லி, அந்தப் பதிலைத் தன் உடம்பாலேயே சரிபார்க்கிறது. மனதுக்குள் கொஞ்சம் பயம் இருக்க வேண்டும். அந்தப் பயத்தைத் தாண்டுகிற வாய்ப்பும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் அது சாகசம்.

நார்வே நாட்டின் ஆய்வாளர் எலன் சான்ட்செட்டர் மழலையர் பள்ளிகளுக்குப் போய்க் குழந்தைகள் விளையாடுவதைக் கூர்ந்து பார்த்தார். குழந்தைகளிடமும் ஆசிரியர்களிடமும் பேசினார். 2007இல் வெளியான அவருடைய கட்டுரை இந்த விளையாட்டை ஆறு வகையாகப் பிரித்தது: உயரம், வேகம், ஆபத்தான கருவிகள், தண்ணீரும் நெருப்பும் போன்றவற்றின் அருகே விளையாடுவது, கட்டிப்புரளுவது, பெரியவர்களின் கண்ணிலிருந்து மறைந்து போவது. இந்த ஆறையும் கேட்டவுடன் உங்களுக்கு நார்வே நினைவுக்கு வருகிறதா, உங்கள் ஊர் நினைவுக்கு வருகிறதா? உயரம் என்றால் நமக்கு மரக்குரங்கு ஆட்டம். வேகம் என்றால் ஆலம் விழுது, ஊஞ்சல், தலைசுற்றும் வரை தட்டாமாலை, பாக்கு மட்டையில் ஒருவரை உட்காரவைத்து இன்னொருவர் தெருக்கோடி வரை இழுப்பது. கருவி என்றால் நுங்கு வண்டி செய்யத் தாத்தாவிடம் கெஞ்சி வாங்கிய கத்தி. தண்ணீர் என்றால் வாய்க்கால். நெருப்பு என்றால் போகியும் சொக்கப்பனையும். கட்டிப்புரள வைக்கோல் போர். மறைந்து போகக் கண்ணாமூச்சி. ஆறு வகையும் நம் தெருக்களில் இருந்தவைதான்.

குழந்தைகள் எதைத் தேடி இப்படி விளையாடுகிறார்கள் என்பதையும் சான்ட்செட்டர் ஆராய்ந்தார். பயமும் மகிழ்ச்சியும் ஒரே நேரத்தில் வருகிற ஓர் உணர்வைத் தேடுகிறார்கள் என்று கண்டார். உயரம் ஏறும் குழந்தையைப் பொறுமையாகக் கவனித்தவர்களுக்கு இது புரியும். முதல் நாள் இரண்டு படி ஏறி இறங்கிவிடும். மறுநாள் அதே இரண்டு படியை நாலைந்து முறை ஏறும். அது சலித்த பிறகுதான் மூன்றாம் படி. பயத்தின் அளவைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்கிற இந்தத் திறமையை எந்த ஆசிரியரும் அதற்குக் கற்றுக்கொடுக்கவில்லை. நாம் செய்ய வேண்டியதெல்லாம் அந்தத் திறமை வேலை செய்ய இடம் விடுவதுதான்.

இது மேல்நாட்டு நாகரிகம், நமக்கு ஒத்துவராது என்று யாராவது சொன்னால், அவர்களைப் புறநானூற்றின் 243ஆம் பாட்டுக்கு அழைத்துப் போங்கள். பாடியவர் தொடித்தலை விழுத்தண்டினார். கோலூன்றி, இருமலுக்கு நடுவே பேசுகிற ஒரு கிழவர் தன் இளமையை எண்ணி ஏங்குகிறார். எதை நினைத்து ஏங்குகிறார்? வென்ற போரை அல்ல, சேர்த்த செல்வத்தை அல்ல. மணலில் பாவை செய்து பூச்சூட்டிய பெண்களோடு கைகோத்து ஆடியதை நினைக்கிறார். நீர்த்துறையில் தாழ்ந்து படிந்திருந்த மருத மரக் கிளையில் ஏறியதை நினைக்கிறார். கரையில் நின்றவர்கள் வியந்து பார்க்க, ஆழமான மடுவில் பாய்ந்து, அடிமணலை அள்ளிவந்து காட்டியதை நினைக்கிறார். உயரம் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, பயம் இருக்கிறது, வெற்றிக்குச் சான்றாகக் கையில் மணலும் இருக்கிறது. ஒரு மனிதனின் முழு வாழ்க்கையில் எஞ்சி நின்ற நினைவு அது. பிள்ளைத்தமிழ் இலக்கணத்தையும் பாருங்கள். ஆண்பாலுக்கு இறுதி மூன்று பருவங்கள் சிற்றில் சிதைத்தல், சிறுபறை முழக்கல், சிறுதேர் உருட்டல். பெண்பாலில் அம்மானையும் நீராடலும் ஊசலும் வருகின்றன. தெருமண்ணையும் ஆற்றையும் ஊஞ்சலையும் குழந்தை வளரும் படிகளாகவே நம் புலவர்கள் வைத்தார்கள்.

இந்த நாட்டின் கல்வியாளர்களும் இதைச் சொல்லித்தான் வந்தார்கள். தாகூர் 1901இல் சாந்திநிகேதனில் பள்ளி தொடங்கினார். அங்கே ஒரு மாணவன் மரத்தில் ஏறி, கிளைகள் பிரிகிற இடத்தில் வாகாக அமர்ந்து பாடம் படித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, கண்டிப்புக்குப் பெயர்போன தலைமையாசிரியர் ஒருவர் திகைத்துப் போனாராம். மரக்கிளையா, நாற்காலியா என்று தேர்ந்தெடுக்க மனிதனுக்கு வாழ்க்கையில் வாய்க்கிற ஒரே காலம் குழந்தைப் பருவம்தான். பெரியவனான எனக்கு அது முடியாது என்பதற்காக அவனுக்கும் எப்படி மறுப்பேன் என்பது தாகூரின் வாதம். 1939இல் மரியா மாண்டிசோரி நம் அடையாற்றுக்கு வந்தார். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் சில ஆண்டுகள் தங்கிக் குழந்தைகளோடு பணியாற்றினார். அவர் பெயரைப் பலகையில் எழுதிய பள்ளிகள் இன்று தமிழ்நாட்டில் ஏராளம். அவருடைய மரக்கட்டைகளும் மணிச்சட்டங்களும் அலமாரிகளில் அழகாக இருக்கின்றன. ஆனால் குழந்தை மழையில் ஓட வேண்டும், புல்லில் வெறுங்காலோடு நடக்க வேண்டும் என்று எழுதியவரும் அதே மாண்டிசோரிதான். அந்தப் பாதியை நாம் விட்டுவிட்டோம்.

சரி, இப்படி விளையாடினால் என்ன கிடைக்கிறது? முதலில் உடம்பு. கிளையைப் பிடித்துத் தொங்கும்போது தோளும் மணிக்கட்டும் விரல்களும் வலுப்படுகின்றன. பென்சிலைப் பிடித்து எழுதுவதற்கும் அதே தோளும் அதே விரல்களும்தான் வேண்டும். சுழலும்போதும் ஊஞ்சலாடும்போதும் உள்காதில் உள்ள சமநிலை உறுப்பு பயிற்சி பெறுகிறது. கரடுமுரடான தரையில் நடக்கும்போது கால் எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுத்தம் கொடுக்க வேண்டும் என்பதை மூட்டுகளும் தசைகளும் மூளைக்குச் சொல்லப் பழகுகின்றன. மூன்று வயதில் எழுதச் சொல்லி விரலை ஒடிப்பதைவிட, மூன்று வயதில் மண் தோண்டவிட்டு ஐந்தரை வயதில் எழுதச் சொல்வது எளிது. இதை அனுபவமுள்ள ஆசிரியர்கள் பலரும் அறிவார்கள்.

அடுத்தது கண். சீனாவின் குவாங்சோ நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி நாட்களில் கூடுதலாக 40 நிமிடம் வெளியில் கழிக்க ஏற்பாடு செய்து, மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். முடிவு 2015இல் வெளியானது. வழக்கம்போல் இருந்த பள்ளிகளில் 39.5 சதவீதப் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை புதிதாக வந்திருந்தது. வெளியில் விட்ட பள்ளிகளில் 30.4 சதவீதம். 40 நிமிட வெளிச்சத்துக்கு இவ்வளவு பலன். அடுத்தது தோலும் நோய் எதிர்ப்பும். பின்லாந்தில் சில குழந்தைகள் காப்பகங்களின் முற்றத்தில் காட்டு மண்ணையும் புல்தரையையும் செடிகளையும் கொண்டுவந்து பரப்பினார்கள். மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள் 28 நாட்கள் அதில் விளையாடினார்கள். அவர்களுடைய தோலில் வாழும் நுண்ணுயிர்களின் வகை பெருகியது. நோய் எதிர்ப்பு மண்டலத்தின் ஒழுங்கைக் காட்டும் குறிகளும் இரத்தத்தில் மேம்பட்டிருந்தன என்று 2020இல் எழுதினார்கள்.

நான்காவது, மனம். நியூசிலாந்தின் டனீடன் நகரில் 1972, 73ஆம் ஆண்டுகளில் பிறந்த 1,037 பேரைக் குழந்தைப் பருவம் முதல் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறார்கள். சிறுவயதில் விழுந்து அடிபட்டவர்களுக்குப் பின்னாளில் உயரத்தைக் கண்டால் பயம் அதிகம் இருக்கும் என்றுதான் நாம் நினைப்போம். ஐந்து வயதுக்கும் ஒன்பது வயதுக்கும் இடையே விழுந்து காயம்பட்டவர்களைப் பதினெட்டு வயதில் பார்த்தபோது நேர்மாறாக இருந்தது. அவர்களிடம் அந்தப் பயம் குறைவாகவே காணப்பட்டது. விழுவது நல்லது என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். உயரத்தோடு பழகிய குழந்தைக்கு உயரம் தெரிந்த பொருளாகிவிடுகிறது. தெரிந்த பொருளிடம் எச்சரிக்கை இருக்கும், நடுக்கம் இருக்காது. பழகவே விடாமல் வளர்த்த பிள்ளைக்கு நடுக்கம் மட்டும்தான் மிஞ்சும். சான்ட்செட்டரும் அவருடைய சக ஆய்வாளர் ஒருவரும் 2011இல் இதையே ஒரு கோட்பாடாக முன்வைத்தார்கள்: இயல்பான அச்சங்களைக் கடந்து வளரக் குழந்தைக்கு இயற்கை கொடுத்திருக்கும் வழியே சாகச விளையாட்டு.

இதை ஒரு பொது ஏற்பாடாகச் செய்துகாட்டிய ஓர் இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். டென்மார்க்கில் சோரன்சன் என்ற நிலத்தோற்ற வடிவமைப்பாளர் குழந்தைகளுக்காகப் பல விளையாட்டுத் திடல்களை அமைத்தவர். அழகழகாக அமைத்த திடல்களைவிட, வீடு கட்டுகிற இடங்களிலும் வேண்டாத பொருள் குவிந்த மூலைகளிலும்தான் பிள்ளைகள் மனம் ஒன்றி விளையாடுகிறார்கள் என்பது அவர் கண்ணில் பட்டது. பழைய பொருட்களைக் கொண்டே ஒரு திடல் அமைத்தால் என்ன என்று 1930களின் தொடக்கத்திலேயே எழுதினார். 1943இல், நாடு ஜெர்மானியப் படையின் பிடியில் இருந்த காலத்தில், கோபன்ஹேகனின் எம்ட்ரூப் குடியிருப்பில் அந்தத் திடல் பிறந்தது. பலகை, செங்கல், கயிறு, மண்வெட்டி, மண் அங்கே இருந்தன. ஊஞ்சலுக்கும் சறுக்குமரத்துக்கும் அங்கே பேச்சே இல்லை. பிள்ளைகள் குழி தோண்டினார்கள், குடில் கட்டினார்கள், பிரித்தார்கள், மறுபடி கட்டினார்கள். ஜான் பெர்டெல்சன் என்ற ஒருவர் எப்போதும் உடனிருந்தார். இதைச் செய், அதைச் செய் என்று அவர் சொல்வதில்லை. கேட்டால் கருவி எடுத்துக் கொடுப்பார்; தேவைப்பட்டால் பக்கத்தில் வந்து நிற்பார்.

1946இல் பிரிட்டனைச் சேர்ந்த லேடி ஆலன் அந்தத் திடலைப் பார்த்தார். லண்டனில் குண்டு விழுந்து பாழான மனைகள் எங்கும் கிடந்த நேரம் அது. அந்த மனைகளைப் பிள்ளைகளுக்கு இப்படிக் கொடுக்கலாமே என்று ஊர் திரும்பி எழுதினார். அங்கிருந்துதான் பிரிட்டன் முழுக்கச் சாகசத் திடல்கள் பரவின. பிற்காலத்தில் உடற்குறை உள்ள பிள்ளைகளுக்காகவும் அவர் அப்படிப்பட்ட திடல் அமைத்தார் என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளைக்கும் மண்ணைக் கையால் அளையும் உரிமை உண்டு. அந்தப் பிள்ளையை நிழலில் உட்காரவைத்து மற்றவர்கள் விளையாடுவதைப் பார்க்கச் சொல்வது கொடுமை.

இப்போது உங்கள் மனதில் இருக்கும் கேள்விக்கு வருகிறேன். அடிபட்டால்? அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். பெற்ற வயிறு கேட்கிற கேள்வி அது. அதற்கு என் பதில் இதுதான்: ஆபத்தில் இரண்டு வகை உண்டு, குழந்தையின் கண்ணுக்குத் தெரிவது ஒன்று, தெரியாதது இன்னொன்று. மரத்தின் உயரம் குழந்தைக்குத் தெரியும். அந்தக் கிளை உள்ளுக்குள் உளுத்திருப்பது தெரியாது. ஊஞ்சல் வேகம் தெரியும். மேலே கொக்கி தேய்ந்திருப்பது தெரியாது. தெரிகிற ஆபத்தை எடைபோடக் குழந்தை கற்றுக்கொள்ளும். அதை அதனிடமே விடுங்கள். தெரியாத ஆபத்தைத் தேடி அகற்றுவது முழுக்க முழுக்கப் பெரியவர்களாகிய நம் வேலை. இன்று நாம் இதைத் தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறோம். மரமேறும் பிள்ளையைத் திட்டி இறக்குகிறோம். பக்கத்தில் வாய்திறந்து கிடக்கும் தண்ணீர்த் தொட்டியைக் கடந்துபோகிறோம்.

2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்ததையும், தமிழ்நாடே நாட்கணக்கில் தொலைக்காட்சி முன் தவித்து நின்றதையும், அந்தப் பிள்ளையை உயிரோடு மீட்க முடியாமல் போனதையும் நாம் யாரும் மறக்கவில்லை. கைவிட்ட ஆழ்துளைக் கிணறுகளை எப்படி மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இலேயே வழிகாட்டியிருந்தது. அந்தக் குழி எந்தக் குழந்தையாலும் எடைபோடக் கூடியது அல்ல. நீரில் மூழ்கி இறக்கும் விகிதம் உலக அளவில் மிக அதிகமாக இருப்பது ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளிடம்தான். அந்த வயதில் வாளித் தண்ணீர்கூட ஆபத்து. ஆகவே தண்ணீர் விளையாட்டு என்று நான் சொல்வது கணுக்கால் அளவுத் தண்ணீர். எட்டிப் பிடிக்கும் தூரத்தில் ஒரு பெரியவர், அவர் கையில் கைப்பேசி இல்லாமல்.

தெரியாத ஆபத்துகளின் பட்டியல் ஒன்றை உங்கள் பள்ளிக் கதவுக்குப் பின்னால் ஒட்டிவையுங்கள். கழிவுநீர்த் தொட்டி மூடி ஆடுகிறதா? மின்கம்பி தாழ்ந்து தொங்குகிறதா? சறுக்குமரத் தகரம் துருப்பிடித்துக் கிழிந்திருக்கிறதா, ஏப்ரல் வெயிலில் தொடை சுடுகிறதா? ஏறும் சட்டத்துக்கும் ஊஞ்சலுக்கும் கீழே சிமென்ட் தரையா? அப்படியானால் அதைப் பெயர்த்து ஓரடி ஆழத்துக்கு மணல் கொட்டுங்கள். மாதம் ஒருமுறை கிளறிவிடுங்கள். கம்பிகளுக்கு நடுவே மூன்றரை அங்குலத்துக்கு மேல், ஒன்பது அங்குலத்துக்குள் இடைவெளி இருந்தால் உடல் நுழைந்து தலை சிக்கிக்கொள்ளக் கூடும்; அதை அடைத்துவிடுங்கள். பிள்ளைகள் ஏறும் முன் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் கட்டாயம் கழற்றி வாங்கிவையுங்கள். கிளையில் மாட்டினால் அந்த நாடா கழுத்தை இறுக்கிவிடும். மழைக்குப் பின் தேங்கிய நீரில் சாக்கடை கலந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு குதிக்கவிடுங்கள். புதர் ஓரத்தைத் தினமும் காலையில் ஒரு குச்சியால் தட்டிப் பாருங்கள். இவ்வளவையும் செய்துவிட்டால் நீங்கள் நிம்மதியாக நிற்கலாம்.

ஜப்பானில் டோக்கியோவை அடுத்த தச்சிகாவாவில் 2007இல் கட்டிய ஃபுஜி மழலையர் பள்ளி, குழந்தையின் வேலை, பெரியவர் வேலை என்ற இந்தப் பிரிவினைக்கு நல்ல சான்று. தெசுகா தம்பதியர் வடிவமைத்த அந்தக் கட்டடத்தின் கூரை ஒரு பெரிய நீள்வட்டம். பிள்ளைகள் அந்தக் கூரைமேல் சுற்றிச் சுற்றி ஓடுகிறார்கள். அங்கே முன்பே நின்ற மூன்று பெரிய மரங்களை வெட்டாமல், கூரையைத் துளைத்து வளரவிட்டார்கள். பிள்ளைகள் அவற்றில் ஏறுகிறார்கள். மரத்தைச் சுற்றியுள்ள திறப்பில் வலுவான வலை கட்டியிருக்கிறது. ஏறுவது பிள்ளையின் பாடு, வலையைக் கட்டுவது பெரியவர் பாடு. பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பே 2012இல், விளையாட்டிலிருந்து ஆபத்தை அடியோடு ஒழிப்பது நோக்கமல்ல, நன்மையையும் ஆபத்தையும் சீர்தூக்குவதே நோக்கம் என்று அறிக்கை வெளியிட்டது. கனடாவின் குழந்தை மருத்துவர் சங்கமும் 2024இல் வெளிப்புறச் சாகச விளையாட்டை ஆதரித்து நிலைப்பாடு எடுத்தது. அடிபட்ட பிள்ளைகளுக்குக் கட்டுப் போடுகிற மருத்துவர்களே இதைச் சொல்கிறார்கள்.

அடுத்து, பக்கத்தில் நிற்கும் பெரியவர் என்ன பேச வேண்டும்? குழந்தை கிளையில் பாதி ஏறியிருக்கும்போது கீழிருந்து "ஐயோ, பாத்து, விழுந்துருவ!" என்று கத்தினால், அதன் கவனம் கிளையிலிருந்து உங்கள் முகத்துக்குத் தாவும். விழுவது அப்போதுதான். "கண்ணு, அடுத்த காலை எங்க வைக்கப் போற?" என்று கேளுங்கள். "அந்தக் கிளை ஆடுதா, அமுக்கிப் பாரு" என்று சொல்லுங்கள். இன்னும் ஒரு விதி: நீங்களாகத் தூக்கி மேலே ஏற்றிவிடாதீர்கள். தானாக ஏறத் தெரிந்த உயரத்திலிருந்து இறங்கவும் குழந்தைக்குப் பெரும்பாலும் தெரியும். நாம் தூக்கி வைத்த உயரத்தில் அது செயலற்று நின்றுவிடும். ஏறமாட்டேன் என்கிற குழந்தையை, பார் அவன் ஏறுகிறான் என்று ஒப்பிட்டு உசுப்பேற்றாதீர்கள். மாட்டேன் என்பதும் அது எடுத்த முடிவுதான். கட்டிப்புரளும் பிள்ளைகளைப் பார்த்ததும் சண்டை என்று முடிவு கட்டாதீர்கள், முகத்தைப் பாருங்கள். சிரித்துக்கொண்டே புரண்டால் அது ஆட்டம். ஒரு முகம் இறுகினால் அப்போது போய் நில்லுங்கள்.

மாலையில் அம்மா வந்து, "ஏன் டீச்சர், பிள்ளை முட்டியெல்லாம் சிராய்ச்சிருக்கே, பாக்க மாட்டீங்களா?" என்று கேட்பார். அந்த நேரத்தில் ஆசிரியர் தனியாக நிற்கக் கூடாது. சேர்க்கையின்போதே பெற்றோரை உட்காரவைத்துப் பேசிவிட வேண்டும். "அம்மா, இங்க பிள்ளைங்க மரமேறுவாங்க. முட்டி சிராய்க்கும், சட்டை அழுக்காகும். கழுவி மருந்து போட்டு, என்ன நடந்துச்சுன்னு உங்ககிட்ட அன்னைக்கே சொல்லிருவோம். பழைய துணி ஒரு செட்டு குடுத்து விடுங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். சிராய்ப்பைக் கண்டவுடன் ஆசிரியரைக் குற்றவாளியாக்காதீர்கள். ஒவ்வொரு சிராய்ப்புக்கும் விளக்கம் கேட்டால், அடுத்த நாள் அந்த ஆசிரியர் எல்லாப் பிள்ளைகளையும் அறைக்குள் பூட்டிவைப்பார். அவர் மேல் தப்பில்லை.

பெண் குழந்தைகளைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். நான்கு வயதுப் பையன் மரத்தில் ஏறினால் வாலு என்று சிரிக்கிற வீடு, நான்கு வயதுப் பெண் ஏறினால் அடக்கம் வேண்டும் என்கிறது. முழங்காலுக்குக் கீழ் தொங்கும் பட்டுப்பாவாடையையும் வழுக்கும் செருப்பையும் போட்டு அனுப்பிவிட்டு, அவளுக்கு விளையாட்டில் ஆர்வமில்லை என்கிறோம். ஆண் பிள்ளைக்குப் போடுகிற அரைக்கால் சட்டையை அவளுக்கும் போட்டு அனுப்புங்கள். தன் கால்மேல் தனக்குள்ள நம்பிக்கையை அவள் நான்கு வயதில் சம்பாதித்துக்கொள்ளட்டும். பின்னாளில் அவளுக்கு அது அதிகமாகவே தேவைப்படும்.

இதற்கெல்லாம் பணம் வேண்டாமா என்று கேட்பீர்கள். வண்ணமடித்த பிளாஸ்டிக் கோட்டை ஒன்றுக்கு ஆகும் செலவில் பத்து அங்கன்வாடிகளுக்கு நல்ல முற்றம் அமைக்கலாம். ஒரு வண்டி மணல். பட்டை உரித்துக் கிடத்திய ஒரு மரத்துண்டு. அதன்மேல் நடக்கலாம், குதிக்கலாம். பாதி புதைத்த பழைய லாரி டயர்கள். வேப்பமரத்தில் கட்டிய தடித்த கயிறு. தென்னை மட்டை, பாக்கு மட்டை, கொட்டாங்கச்சி, பனங்கொட்டை, சாக்கு, மூங்கில் துண்டு, உடையாத செங்கல். பழைய பானையும் கரண்டியும் வைத்த ஒரு மண் சமையலறை. சைமன் நிக்கல்சன் என்ற பிரிட்டிஷ் கலைஞர் 1971இல் எழுதிய கட்டுரை ஒன்றின் சாரமே இதுதான்: இடம் மாற்றவும் அடுக்கவும் கலைக்கவும் கூடிய பொருட்கள் எவ்வளவு அதிகமோ, அவ்வளவு அதிகமாகக் குழந்தையின் கற்பனை வேலை செய்யும். அசையாத பிளாஸ்டிக் யானையை வைத்து எத்தனை நாள் விளையாட முடியும்? பத்துச் செங்கலும் ஒரு மட்டையும் தினம் ஒரு பொருளாகும். வாய்க்குள் போடக்கூடிய சின்னக் கொட்டைகளை மட்டும் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

நம் வெயிலைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். காலை பத்தரைக்குள் வெளி விளையாட்டை முடித்துவிடுவது நல்லது. அதற்காக வகுப்பு நேரத்தை மாற்றி, உட்கார்ந்து செய்யும் வேலையைப் பிற்பகலுக்குத் தள்ளுங்கள். குடிதண்ணீர்ப் பானை முற்றத்திலேயே இருக்கட்டும். இன்றே ஒரு புங்கனும் ஒரு வேம்பும் நட்டால் சில ஆண்டுகளில் நிழல் கிடைக்கும். வாடகை அறையில் முற்றமே இல்லாமல் நடக்கும் அங்கன்வாடிகள் நகரங்களில் உண்டு என்பது எனக்குத் தெரியும். பக்கத்து அரசுப் பள்ளித் திடலும் மாநகராட்சிப் பூங்காவும் கோயில் வெளியும் காலை ஒன்பதிலிருந்து பத்தரை வரை பெரும்பாலும் காலியாகத்தான் கிடக்கின்றன. அவற்றைக் கேட்டு வாங்குங்கள்.

அங்கன்வாடிச் சகோதரிகளே, ஒரு பணியாளரும் ஓர் உதவியாளரும் சேர்ந்து சமையல், எடை பார்த்தல், பதிவேடு, கைப்பேசிச் செயலி என்று அத்தனையையும் தூக்கிச் சுமக்கிறீர்கள். இதற்கு மேலும் ஒரு சுமையை உங்கள் தலையில் வைக்க நான் வரவில்லை. இந்த வேலைக்கு ஊர் உங்களோடு வந்து நிற்க வேண்டும். தாய்மார்கள் முறைவைத்து ஆளுக்கு ஒரு நாள் வரலாம். மரமேறியும் மட்டை இழுத்தும் வளர்ந்த தாத்தா பாட்டிகள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டு முற்றத்தில் நிற்கச் சொன்னால், பிள்ளைகளுக்கு ஆட்டங்களும் கிடைக்கும், உங்களுக்கு இன்னொரு ஜோடிக் கண்ணும் கிடைக்கும்.

அரசிடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு விளையாட்டுத் திடல் வேண்டும் என்கிறது. ஆனால் அது உரிமை கொடுப்பது ஆறு முதல் பதினான்கு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு. ஆறு வயதுக்கு முன் உள்ளவர்களுக்கு ஏற்பாடு செய்யலாம் என்று சொல்வதோடு நின்றுவிடுகிறது. திடல் மிகவும் தேவைப்படும் வயது சட்டத்துக்கு வெளியே நிற்கிறது. 1982 ஜூலை 1ஆம் நாள் தமிழ்நாட்டில் தொடங்கிய சத்துணவுத் திட்டம் இரண்டு வயதுக் குழந்தையையும் அணைத்துக்கொண்டது. பசித்த வயிற்றோடு பிள்ளை படிக்க முடியாது என்பதை ஊர் ஊராகச் செய்துகாட்டிய மாநிலம் இது. 54,000க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இன்று நம்மிடம் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டுச் சோற்றை உறுதிசெய்த அதே அக்கறையோடு ஒரு நிழல்மரம், ஒரு மணற்குவியல், ஏற ஒரு பொருள், வேலியிட்ட ஒரு முற்றம் ஆகியவற்றையும் உறுதிசெய்யுங்கள் என்று நாம் எல்லோரும் சேர்ந்து கேட்க வேண்டும். கிராம சபையில் கேளுங்கள். வார்டு உறுப்பினரிடம் கேளுங்கள். புதிய மையத்துக்கு வரைபடம் போடும்போதே கேளுங்கள். கட்டி முடித்த பிறகு கேட்டால் சிமென்ட்தான் மிஞ்சியிருக்கும்.

அரசு செய்யும் வரை காத்திருக்க வேண்டிய தேவை நமக்கு இல்லை. நாளை காலை பள்ளிக்குப் போனதும் முற்றத்தை ஒரு சுற்று நடந்து, கண்ணுக்குத் தெரியாத ஆபத்துகளை ஒரு தாளில் எழுதுங்கள். இந்த வாரத்துக்குள் அவற்றில் எத்தனை முடியுமோ அத்தனையைச் சரிசெய்யுங்கள். அடுத்த வாரம் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். அதற்கடுத்த திங்கட்கிழமை காலை, நோட்டை எடுக்கும் முன் கதவைத் திறந்து பிள்ளைகளை வெளியே விடுங்கள். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். எவ்வளவு உயரம் என்பதை அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.